தண்ணீர் வந்த கிணறு

அறுபத்தாறாம் வருஷம் பிரம்மநாயகம் குஜராத்திலிருந்து லீவில் வந்தபோது, தாராவியில் அவன் அம்மா கோமதியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தோல் கிடங்கு வாடை வீசும் அந்தச் சந்தில் பெட்ரோலியம் எஞ்சினியருக்குப் படித்தவன் அவன் ஒருவன்தான். சந்துக்காரர்கள் எல்லாரும் என்னவோ தாங்களே படித்த மாதிரி பீற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

மகனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்ட இடம் குறித்துக் கொடுப்பது அவன் வேலை. குஜராத்தில் பரூச் பக்கம் ஒரு பருத்திக் காட்டைக் காட்டி, இங்கேதான் என்று பெரிய அதிகாரிகளோடு மல்லுக்கட்டினான். சரி, பையன் ஆசைப்படுகிறான் என்று அவர்களும் விட்டுக்கொடுத்தார்கள். மழைக்காலம் ஓய்ந்ததும் தொடங்கி, கோடை வரும்வரை தோண்டினார்கள். வந்தது தண்ணீர். யாரும் அவனைத் திட்டவில்லை. அடுத்த இடத்தைக் குறித்துக் கொடு என்று மட்டும் சொன்னார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பென்சிலை எடுத்தால் கை ஓடவில்லை. பம்பாய்க்கு ரயிலேறியவன் நேரே செம்பூர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய் வேலை கேட்டான். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். யாரோ கண்டுபிடித்த எண்ணெய் கப்பலில் வந்து இறங்கும். இவன் காய்ச்சினால் போதும். தோற்றுப்போவதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு குழாயடிக்குப் போனான். ஹண்டாக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னான்.

"யம்மா, நான் இனி குஜராத்துக்குப் போகல. செம்பூர்லயே வேலை கெடச்சிருக்கு."

"ஏன்யா, அங்க என்ன கொறை?"

"நான் காட்டுன எடத்துலதான் தோண்டுனாங்க. எண்ணெய் வரல. வெறும் தண்ணிதான் வந்துச்சு."

கோமதியம்மாள் அவனையே பார்த்தாள். "தண்ணியா? நீ காட்டுன எடத்துலயா?"

"ஆமாம்மா."

"ஏட்டி பேராச்சி!" அம்மா போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பியது. "எம்மவன் காட்டுன எடத்துல தண்ணி வந்துட்டுட்டி!"

அரைக் குடத்துக்கு அடிதடி நடக்கிற இடம் அது. அடுத்த வீட்டுப் பேராச்சி ஓடி வந்தாள். "நெசமாவா? எந்நேரமும் வருமாய்யா? பூட்டுப் போட மாட்டாங்கள்லா?" தோல் கிடங்கு வெயிலுமுத்து பற்பொடி வாயோடு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அத்தை, நாங்க எண்ணெய்க்குல்லா தோண்டுனோம்."

"எண்ணெய் கெடக்கு சவம். மண்ணெண்ணெய் ரேஷன்ல கெடைக்கும். தண்ணி எந்தக் கடையில கெடைக்கு?"

அவன் உண்மையைச் சொன்னான். "உப்புத் தண்ணி அத்தை. வாயில வைக்க முடியாது."

வரிசையே வாடிப்போனது.

"எம்புட்டு ஆழம் தோண்டுனீய?" என்றார் வெயிலுமுத்து.

"ஆறாயிரம் அடி."

"ஆறாயிரம் அடி தோண்டியும் உப்பா!" வெயிலுமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பேராச்சி அவன் கன்னத்தைத் தடவினாள். "எம்புட்டுக் கஷ்டப்பட்டியோ, எய்யா."

ஆபீசில் அந்தக் கிணற்றைப் பற்றிக் கட்டுக்கட்டாக எழுதினார்கள். அவனுக்காக ஒருத்தர்கூட இப்படி வருத்தப்படவில்லை. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்பு முந்திக்கொண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடுத்தது எங்கய்யா தோண்டுத?" என்றாள் பேராச்சி, கவலை தீராமல்.

அதே கேள்வி. ஆனால் இப்போது அவன் கால் கட்டைவிரலால் சேற்றில் ஒரு கோடு இழுத்தான். "இது நாம தோண்டுனது. பூமிக்குள்ள பாறை இந்தப் பக்கமா மேடேறுது. எண்ணெய் தண்ணிக்கு மேலதான நிக்கும்? அப்ப இந்தா, இங்க தோண்டணும்." விரலை அழுத்தி ஒரு குழி போட்டான். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அடுத்த இடத்தைக் குறித்துவிட்டோம் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

ஹண்டா நிறைந்ததும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அம்மா கூடவே நடந்தாள்.

"அப்ப செம்பூரு?"

"வேண்டாம்மா. நாளைக்குக் குஜராத்துக்குப் போறேன்."

"பக்கத்துலயே இருப்பேன்னு நெனைச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போய்ட்டு வா. அடுத்ததுல நல்ல தண்ணியா வரும், பாரு."

நல்ல தண்ணீர் வந்தாலும் தன் பிழைப்பில் மண்தான் என்று அவன் சொல்லவில்லை.

"வரும்மா" என்றான்.