தூக்கம் என்று குறிக்கப்பட்ட முகம்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் கிடைத்தது. சரியாகச் சொன்னால் கிடைத்தது கதையல்ல, பழைய வணிகப் பத்திரிகை ஒன்றின் அரைப் பக்கம். மீதியை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். இருந்த பாதியில் இரண்டு செய்திகள் அக்கம்பக்கமாக இருந்தன. ஸ்டியரிங்கில் கை வைக்காமலே ஓடும் கார்கள் மீது முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்றது ஒன்று. ஓட்டுகிறவர் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்று கேமரா வைத்துப் பார்க்கும் கருவிகள் மீதும் அதே முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்றது மற்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் ஒரு மனிதரைப் பிடித்து, நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார்கள். பிறகு அந்த ஒன்றும் செய்யாமல் இருப்பதை அவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று கண்காணிக்கிறார்கள். என் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் நடக்கிறது. அதில் முதலீடு செய்ய இதுவரை யாரும் வரவில்லை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'அதிகாலைப் பனியில் அந்த வெள்ளைக் கார் ஒரு—'

வேண்டாம். இந்த 'ஒரு'வுக்குப் பின்னால் உவமை வரிசை கட்டி நிற்கிறது. அதை உள்ளே விட்டால் பனி விலகவே இரண்டு பக்கம் ஆகும்.

'எதிர்காலம் என்பது நாம் நினைப்பதைப் போல—'

இது கட்டுரை. கட்டுரை எழுதுகிறவர்கள் என்னைவிட நன்றாக உடுத்துகிறார்கள்.

'அவர் தூங்கவில்லை.'

இது இருக்கட்டும். யார் அவர் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது.

3

அவர் தூங்கவில்லை. ஆனால் பார்க்கிற எல்லோரும் தூங்குகிறார் என்றுதான் சொன்னார்கள். பிறவியிலேயே இமைகள் பாதிவரை இறங்கிவிட்ட முகம் அது. கல்யாணப் போட்டோவில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து தூங்குகிறார். ஓட்டுநர் உரிமத்தில் தூங்குகிறார். சின்ன வயதிலேயே 'தூங்குமூஞ்சி' என்று பேர் வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா வைத்த பேர் அதோடு போட்டி போட முடியாமல் ஒதுங்கிவிட்டது. (நான் அவரை டிரைவர் என்றே எழுதப்போகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.)

டிரைவர் ஓர் அலுவலக வேனை ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். வேனில் போகிறவர்கள்தான் பயந்து செத்தார்கள். கடைசியில் வேன் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா. எல்லாம் உன் மூஞ்சி மேலதான்."

அன்றிலிருந்து டிரைவருக்கு இருந்தது ஒரே ஆசை. மறுபடியும் ஒரு வண்டி, அதில் நாலு பேர், எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க அவர் ஓட்ட வேண்டும். இந்த ஆசையை நான் கதைக்காகக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அது இருக்கிற அளவிலேயே அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

4

இப்போது நிறுவனம். சலவை இயந்திரம் பழுது பார்க்கும் கடைக்குக் கீழே, அடித்தள வாகன நிறுத்தத்தில் இரண்டு மேசை, ஒரு வெள்ளைக் கார். நிறுவனர் என்ற இளைஞர் ஒருவர், பொறியாளர் என்ற பெண் ஒருவர். கை வைக்காமல் ஓடும் காரும் அதை ஓட்டாமல் உட்கார்ந்திருப்பவரைக் கண்காணிக்கும் கேமராவும் சேர்ந்ததுதான் அவர்கள் செய்த கருவி. உட்கார்ந்திருப்பவர் தூங்கினால் முதலில் மணி அடிக்கும். அப்படியும் எழாவிட்டால் வண்டி மெல்ல ஓரமாகப் போய் நிற்கும்.

கருவிக்குத் தூக்கம் என்றால் என்ன என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். குழந்தைக்குப் படம் காட்டி 'இது யானை, இது குதிரை' என்று சொல்வதைப்போல ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டி 'இது விழிப்பு, இது தூக்கம்' என்று குறித்துக்கொடுப்பது பொறியாளரின் வேலை. விழிப்புக்கு ஆள் கிடைத்தார்: கண்கள் கோலிக்குண்டுபோல இருந்த வழக்கமான ஓட்டுநர். தூக்கத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கேமரா முன்னால் உட்காரவைத்தால் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. தூங்குவதுபோல நடித்தவர்கள் எல்லோரும் நாடகத்தில் செத்தவர்களைப்போல இருந்தார்கள்.

அப்போதுதான் டிரைவர் வேலை கேட்டு வந்தார். நிறுவனரும் பொறியாளரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நின்றுகொண்டிருந்த காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், முழு விழிப்போடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார் டிரைவர். கேமரா அவரை எடுத்துத் தள்ளியது. ஒவ்வொரு படத்திலும் பொறியாளர் 'தூக்கம்' என்று குறித்தார்.

"நான் முழிச்சுட்டுதானே இருக்கேன், மேடம்?"

"அது எங்களுக்குத் தெரியும்ணா. மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

முதலீடு வந்ததும் அவரை நிஜ ஓட்டுநராக எடுத்துக்கொள்கிறோம் என்று நிறுவனர் வாக்குக் கொடுத்தார். அதை நம்பித்தான் டிரைவர் அந்த வேலையைப் பொறுத்துக்கொண்டார்.

5

முதலீட்டாளர் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவர் மோதிரம் போட்ட, தொப்பை வைத்த ஆளாக இருந்தார். மூன்றாவது வரியிலேயே எனக்கு அலுத்துவிட்டது. இப்போது அவர் ஒரு பெண்மணி. பல ஊர்களில் பேருந்துகள் விடும் கம்பெனி நடத்துகிறார். அத்தனை பேருந்திலும் இந்தக் கருவியை மாட்டப்போகிறார். கெட்டவரா என்றால் இல்லை. பேருந்து கவிழ்ந்தால் சோறு இறங்காத மனுஷி. கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அவர் வரும் நாளில் கோலிக்குண்டுக் கண் ஓட்டுநருக்குக் கண்வலி வந்து கண் ஒட்டிக்கொண்டது. உரிமம் உள்ள இன்னொரு ஆள் டிரைவர் மட்டும்தான். உலகத்திலேயே அந்தக் கருவி தூக்கம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே முகம்.

"கண்ணை நல்லா விரிச்சு வெச்சுக்கங்கண்ணா," என்றார் நிறுவனர். "அரை மணி நேரம்தான்."

காலையில் டிரைவர் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். துணிக்கடையில் பில் போடும் அவர் மனைவி, கிளம்புகிற அவசரத்தில் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, வேணாங்க. பொண்ணு பாக்க வந்தப்ப இப்படிப் பாத்திருந்தீங்கன்னா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"நான் முழிச்சிருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருப்பீங்க. தூங்கினா 'ம்'னாவது சொல்லுவீங்க." சொல்லிவிட்டுக் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "வண்டி கைக்கு வருது. ஒழுங்கா ஓட்டிட்டு வாங்க."

"கை வைக்கக்கூடாதாம்."

"அப்ப ஒழுங்கா உக்காந்துட்டு வாங்க."

6

முன்னால் டிரைவர், பக்கத்தில் முதலீட்டாளர். பின்னால் நிறுவனர், பொறியாளர், நடுவில் நெருக்கிக்கொண்டு நீங்கள். (இவ்வளவு தூரம் படித்தவரை வாசலில் நிறுத்த மனம் வரவில்லை. எனக்கு டிக்கியில்தான் இடம் கிடைத்தது.)

கார் தானாகப் புறப்பட்டது. டிரைவர் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு கண்களை விரித்தார். நடுவிலிருந்த திரையில் அவர் முகம், கீழே பச்சை எழுத்தில் 'விழிப்பு'. நிறுவனர் மூச்சு விட்டார். காய்கறிச் சந்தை, பள்ளிக்கூடம், சிக்னல் எல்லாம் கடந்தாயிற்று. விரித்த கண்ணில் காற்றுப் பட்டு நீர் கொட்ட ஆரம்பித்தது.

"டிரைவர் ஏன் அழறாரு?" என்றார் முதலீட்டாளர்.

"எதிர்காலத்தை நெனச்சு, மேடம்," என்றார் நிறுவனர்.

மரச்சாமான் கடைத் தெருவில் திரும்பியபோது டிரைவரால் முடியவில்லை. இமைகள் இறங்கி அவை எப்போதும் இருக்கிற இடத்தில் நின்றன. திரை சிவந்தது. 'தூக்கம்.' மணி அலறியது. மற்ற மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

டிரைவர் தெருவைப் பார்த்தார். நின்றிருந்த லாரியின் மறைவிலிருந்து ஒரு பெரிய ஜன்னல் கண்ணாடி சாலைக்குள் வந்துகொண்டிருந்தது. தூக்கி வந்த ஆள் இன்னும் லாரிக்குப் பின்னால். கண்ணாடி வழியாக எதிர்ப்புறம் அப்படியே தெரிந்ததால் காருக்கு அங்கே ஒன்றும் இல்லை. அது நேராகப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

கார் நின்றது. ஒரு சாண் இடைவெளியில் கண்ணாடி கடந்து போனது, அதன் பின்னாலேயே ஆளும். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் அவர் டிரைவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எதிர்ச் சந்துக்குள் போய்விட்டார். டிரைவர் மிதித்ததையும் இவர் தலையாட்டியதையும் நீங்கள் பார்த்தீர்கள்.

"பிரமாதம்," என்றார் முதலீட்டாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆள் தூங்கிட்டாரு. வண்டி தானா நின்னுடுச்சு."

7

ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலீட்டாளர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நடிக்கச் சொல்லிக் கூட்டிட்டு வரலியே? நிஜமாவே தூங்கிட்டீங்களா?"

பின்னாலிருந்து நிறுவனர் டிரைவரின் தோளைத் தொட்டார். அழுத்தவில்லை, தொட்டார், அவ்வளவுதான். பொறியாளர் குனிந்துகொண்டார்.

முடிவு அ: "ஆமாம்மா, தூங்கிட்டேன்." முதலீட்டாளர் கையெழுத்துப் போடுகிறார். டிரைவர் தூக்கப் பிரிவுத் தலைவராகிறார். தனி அறை, சோபா, வாசலில் 'சத்தம் போடாதீர்கள்'. ஸ்டியரிங்கில் தூங்கியதாக வாயாலேயே சொன்னவர் என்பதால் அலுவலகத்தில் ஒருவரும் அவரிடம் சைக்கிள் சாவிகூடக் கொடுப்பதில்லை. அவர் முகத்தைப் படித்த கருவி ஆயிரம் பேருந்துகளுக்குப் போகிறது. எங்கெங்கோ இமை இறங்கிய ஓட்டுநர்கள் தலைக்கு மேல் மணி அடிக்கிறது. கோலிக்குண்டுக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறவர்களுக்கு அடிப்பதில்லை. இதை எழுதும்போது முதலில் சிரித்தேன். பிறகு பேருந்தில் ஏறப் பயமாக இருந்தது.

முடிவு ஆ: "இல்லம்மா, முழிச்சுட்டுதான் இருந்தேன். பிரேக்கை மிதிச்சது நான்." இதை எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முதலீட்டாளர் எனக்கு முன்னால் பதில் சொல்லி வைத்திருக்கிறார்:

"தூங்கி மாட்டினவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க, டிரைவர். யாராவது பாத்தாங்களா?"

நியாயமான கேள்வி. நிறுவனர் திரையைப் பார்த்தார். பொறியாளர் திரையைப் பார்த்தார். முதலீட்டாளரே திரையைத்தான் பார்த்தார். கண்ணாடிக்காரர் போய்விட்டார், அவரைத் திரும்பக் கூட்டிவந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள். கருவி பார்த்தது, அது தூக்கம் என்கிறது.

முடிவு இ எழுதவில்லை. எழுத எனக்குத் தகுதியில்லை, நான் டிக்கியில் இருந்தேன். மணிச் சத்தம் கேட்டது, உடம்பு முன்னால் போய் இடித்தது. மற்றதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்து எழுதியது.

அவர் விழித்திருந்தார் என்று நீங்கள் சொன்னால் அடித்தளத்தில் இரண்டு மேசைகள் காலியாகும். டிரைவருக்கு வண்டி கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் ஒரு முறையாவது, ஒரு மனிதர் வாயால், அவர் விழித்திருந்தார் என்று சொல்லப்பட்டிருக்கும். இல்லை என்று சொன்னால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம், அவரைத் தவிர.

முதலீட்டாளர் பின்சீட்டுப் பக்கம் திரும்புகிறார். நிறுவனரைத் தாண்டி, பொறியாளரைத் தாண்டி, நடுவில் நெருக்கிக்கொண்டிருக்கும் உங்களிடம் வருகிறார்.

"நீங்களும் வண்டியிலதானே இருந்தீங்க. சொல்லுங்க, இவர் முழிச்சிருந்தாரா?"

டிரைவரும் திரும்பிவிட்டார். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.