துணி அடைத்த டிரம்பெட்

சிவப்புக் கோட்டின் நடுப் பொத்தான் ஞானதாஸின் தொப்பையைத் தாண்டி வரமாட்டேன் என்றது. ரெஜினா ஒரு கையால் புருசனின் வயிற்றை அமுக்கி, மறு கையால் துணியை இழுத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரை மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார். பொத்தான் தானாகப் போய் உட்காரும். இன்றைக்கு அந்த ஒத்தாசை இல்லை. ஊக்கு குத்திவிட்டாள்.

வெளியே மத்தியான வெயிலில் நெம்மேலிக் கடலும் வானமும் ஒன்றாகக் கரைந்து கிடந்தன. பந்தலும் நாற்காலிகளும் அவற்றில் உட்கார்ந்திருந்த ஊர்ச்சனமும் தண்ணீரில் மிதப்பதுபோல் அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணி..." கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த கொழுந்தன் ஜெரோம், அண்ணனின் டிரம்பெட்டைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு நின்றான். "தூக்கறப்போ அண்ணனோடதத்தான் ஊதணும். பேண்டுக்காரன் செத்தா அவன் வாத்தியம் ஒரு வாட்டியாவது பேசணும்ல? எல்லாரும் அதத்தான் சொல்லிகினு கீறாங்க."

"அதெல்லாம் இன்னாத்துக்கு? அவரு கூடவே பெட்டியில வச்சிடு."

"இன்னா அண்ணி நீ! இந்தக் கடக்கரையிலயே எங்கண்ணன் மாதிரி ஊத ஒரு ஆள் கீதா?"

ஞானதாஸுக்கு ஊதவே வராது. அது ரெஜினாவுக்குத் தெரியும், பேண்டு ஆட்களுக்குத் தெரியும், வேறு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன புதிதில் ஒரே ஒரு தடவை ஊதினார். திருப்போரூர் பஸ் பயந்து வயலில் இறங்கியது. கறவை மாடுகள் ஒரு வாரம் பால் மறந்தன. ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாரென்றால்! முட்டி போடுவார், பின்னால் வளைவார், தொப்பியின் குஞ்சம் மண்ணைப் பெருக்கும். கன்னம் இரண்டும் இட்லிக் குண்டான் மூடியாக உப்பும். மாமல்லபுரத்துக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் அவர் வளைந்த வளைவைப் பார்த்துச் சிற்பிகள் உளியைக் கீழே போட்டார்கள். மாப்பிள்ளை குதிரையிலிருந்து குதித்து ஆடினான். குதிரையும் ஆடியது. பெண் வீட்டார் குதிரைக்குத்தான் முதலில் மாலை போட்டார்கள்.

உண்மையில் ஊதியவர் ஏசுபாதம். பின்வரிசையில் கரண்டு கம்பம் மாதிரி நிற்பார். கொசு கடித்தால்கூட அசையமாட்டார். நடுவில் ஞானதாஸின் மூச்சு தப்பித்தவறிச் சத்தமாகிப் பாட்டைக் கெடுத்துவிடக் கூடாதென்று, ரெஜினாதான் தன் நீலப் பாவாடையைக் கிழித்து அந்த டிரம்பெட்டின் தொண்டைக்குள் அடைத்துக் கொடுத்தாள்.

"ஊதாம ஊதறியே, வெக்கமா இல்லியா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு வர்றவன்ல பாதிப் பேருக்கு கண்ணாலதான்டி பாட்டு கேக்கும். மீதிப் பேர ஏசுபாதம் பாத்துக்குவான்" என்று சிரித்தார்.

"குடு, தொடச்சித் தர்றேன்" என்று ஜெரோமிடமிருந்து வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். கரண்டிக் காம்பால் நெம்பினாள். நுனி கொஞ்சம் நெகிழ்ந்ததே தவிர, துணி வெளியே வரவில்லை. கொல்லைப்புறத்தில் தண்ணீர் டிரம்மின் அருகே தனியாக நின்றிருந்த ஏசுபாதத்திடம் நீட்டினாள்.

"அண்ணே, இத ஊதச் சொல்றான் ஜெரோமு. துணி வரமாட்டேங்குது. இத்தன வருசம் கட்டிக் காத்த பேரு. இன்னிக்கிப் போயா சிரிப்பா சிரிக்கணும்?"

அவர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். "அவன் மூச்சு பட்டுப் பட்டு கல்லாயிடுச்சி தங்கச்சி."

"உங்களோடத ஊதிடுங்க. இது ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்."

"காலைலருந்து அதத்தான் பாக்கறேன். ஒதடு நிக்கமாட்டேங்குது. ஒரு சுரம் வரல." ஏசுபாதம் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அவன் தொப்பி எங்க கீது?" என்றார்.

பாஸ்டர் ஜெபத்தை முடித்து ஒதுங்கினார். பெட்டியைத் தூக்கினார்கள். டிரம்கள் இடிந்தன. ஞானதாஸின் குஞ்சத் தொப்பியோடும் டிரம்பெட்டோடும் ஏசுபாதம் பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தார். பேண்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரண்டு கம்பம் முதலில் லேசாகச் சாய்ந்தது. பிறகு முட்டி போட்டது. அந்த முட்டி நொறுங்கிய சத்தம் கோவளம்வரை போயிருக்கும். கன்னத்தை உப்பிக்கொண்டு, வானத்தைப் பார்த்து அவர் பின்னால் வளைந்தார். தொப்பி கழன்று உருண்டது. பின்பக்கம் நடுங்கியது. எங்கோ ஒருவன் அழுதுகொண்டே விசிலடித்தான். டிரம்காரர்கள் தோல் கிழிய அடித்தார்கள். கிழவிகள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

"கேட்டியா அண்ணி!" ஜெரோம் கண்ணைத் துடைத்தான். "அண்ணனே ஊதற மாதிரி கீது!"

"கேக்குது" என்றாள்.

நிஜமாகவே கேட்டது. கடலுக்குள்ளிருந்து, ரொம்பத் தொலைவிலிருந்து, பிசிறில்லாமல்.

ஏசுபாதம் அவள் பக்கம் திரும்பி இன்னொரு முறை வளைந்தார். நெம்பிவிட்ட இடத்திலிருந்து டிரம்பெட்டின் வாயில் நீலத் துணியின் நுனி எட்டிப் பார்த்தது. ரெஜினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிடுவதுபோல, ஒற்றை விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டாள்.