கதவில்லாத வீட்டின் எடை

அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வெறும் பென்சிலால் வரைந்த வீட்டுப் படம் பதினோரு கிலோ இருந்தது. தாள்களைச் சேகரிக்க வந்த ஆயா அதைத் தூக்கப்போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எடை மிஷினைக் கொண்டுவந்தார்கள்.

வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் படம் வரையும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு மனநல டாக்டர். பிள்ளைகள் மனதில் இருப்பதை வரையட்டும், மார்க் போடாதீர்கள், திருத்தவே திருத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மாதமே தாள்கள் கனக்க ஆரம்பித்தன. பரீட்சைப் பயம் கால் கிலோ, நாய்க்குட்டி செத்தது ஒன்றரை, அப்பா அம்மா சண்டை இரண்டிலிருந்து மூன்று வரை. வரைந்து முடித்த பிள்ளைகள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கின. தலைமையாசிரியை அலமாரிக்கு இரும்புத் தட்டு போடச் சொன்னார். வேறு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

ஓவிய ஆசிரியருக்குத்தான் கை அரித்துக்கொண்டே இருந்தது. முப்பது வருடமாகக் கோணலை நிமிர்த்தி, விட்டதைச் சேர்த்துப் பழகிய கை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரப்பர் சார். பதினோரு கிலோ படம் வரைந்த சிறுமியோ, அம்மா இறந்ததிலிருந்து எட்டு மாதமாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவள். எடை போட்ட மறுநாள் ரப்பர் சார் அவள் படத்தைக் குனிந்து பார்த்தார். கூரை, ஜன்னல், துணி காயும் கொடி எல்லாம் இருந்தன, கதவு இல்லை. பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்து, பேனாவை எடுத்து நேர்த்தியாக ஒரு கதவு போட்டுவிட்டார். தாள் மின்விசிறிக் காற்றில் எழும்பிப் பறந்தது. அதே நொடியில் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு முறிந்தது. போன கனம் வட்டியோடு திரும்பியிருந்தது. தரையில் கிடந்தவளை நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. அவள் அப்பா வேலையை விட்டு ஓடிவந்தார், தூக்கிப் பார்த்தார், முடியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

ரப்பர் சார் படத்தை எடுத்துவந்து அவள் எதிரில் சப்பணமிட்டார். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? சொல்லும்மா."

அவள் பேனாக் கதவின்மேல் விரல் வைத்தாள். "கதவு இருந்தா அம்மா வெளிய போயிடுவாங்க சார்."

பேனா மை ரப்பருக்கு அழியாது. ரப்பர் சார் புதுத் தாள் ஒன்றை அவள் முன்னால் வைத்து, பேனாவையும் ரப்பரையும் ஆயாவிடம் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கை மறுபடி நீளாம பாத்துக்குங்க சார்," என்றாள் ஆயா.

சிறுமி அதே வீட்டை முதலிலிருந்து வரைந்தாள். பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பென்சிலை வைத்தாள், எழுந்தாள். "அப்பா, பசிக்குது," என்றாள்.

அந்தத் தாளை இன்றுவரை யாராலும் நகர்த்த முடியவில்லை. ஆயா அதைச் சுற்றிப் பெருக்குகிறாள். பிறகு வாராவாரம் சிறுமி அதே வீட்டைத்தான் வரைந்தாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் இளைத்தது. அடுத்த வருடக் கடைசி வியாழக்கிழமை, அவளே ஒரு கதவு போட்டாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரப்பர் சார் கையைக் கட்டியபடியே நின்றார்.

"கதவு வெச்சுட்டியேம்மா?"

"அம்மா வரணும்னா வழி வேணாமா சார்?"

அந்தப் படம் இருநூறு கிராம் இருந்தது. சுவரில் மாட்ட ஒரு ஆணி போதும் என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆயா இரண்டாக அடித்தாள்.