ஒரே பட்டன்

லக்சிகாவின் அண்ணன் பிரஷாந்தன் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு பழமைவாதக் கட்சி உறுப்பினரிடம் வேலை செய்தான். எந்த வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று பட்டியல் போடுவது அவன் பொறுப்பு.

இந்த ஜூனில் ஒரு சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வேறொரு நாட்டு முகாமில் அடைத்து வைக்கும் சட்டம். கட்சியின் வழக்கமான கூட்டாளிகள் பின்வாங்கினார்கள். தீவிர வலதுசாரிகளிடம் ஆதரவு கேட்டுப் போனது பிரஷாந்தன்தான்.

"இந்த ஒரு சட்டத்துக்கு மட்டும்தான் லக்சி. இது கூட்டணி இல்லை," என்றான், ஞாயிற்றுக்கிழமை போனில்.

"ரெண்டு பக்கமும் ஒரே பட்டனை அமத்தினா அதுக்கு என்ன பேர் அண்ணா?"

அவன் சிரித்தான். பூமியின் மறுபக்கத்தில், பென்டில் ஹில் வீட்டுக் குசினியில் நின்றபடி, பதின்மூன்று வருடம் மறைத்ததை அவள் சொன்னாள்.

"இந்த நாட்டுக்கு வந்த புதிசில ஹொஸ்டல்ல இருக்கிறன் எண்டு சொன்னனான். அது ஹொஸ்டல் இல்லை. வில்லாவுட் தடுப்பு முகாம். பதினாலு மாசம்."

அவன் போனை வைத்துவிட்டான்.

செவ்வாய் மாலை, வேலை முடிந்து ரயிலில் வரும்போது வாக்கெடுப்பின் நேரலையைப் போனில் திறந்தாள். அங்கே காலை, இங்கே பரமட்டாவுக்கு மேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. திரையில் தெரிந்த நாடாளுமன்றத்தின் நீலக் கதிரைகள் ரயில் கண்ணாடியில் விழுந்து, வெளியே கடந்துபோன கூரைகளுக்கு மேலே மிதந்தன. புரியாத மொழிகள் காதுக்குள் மழைபோல் பெய்தன. கண் சொருகியது. பென்டில் ஹில் வந்ததும் போனதும் தெரியவில்லை.

கைதட்டல் அவளை எழுப்பியது. சட்டம் நிறைவேறியிருந்தது. உறுப்பினருக்குப் பின்னால் அண்ணன் வழக்கமாக உட்காரும் கதிரை காலியாக இருந்தது.

அடுத்த நிலையமான டூங்காபியில் இறங்கினாள். போன் அடித்தது.

"வெண்டிட்டம்," என்றான்.

"ஓம், பாத்தனான். நீங்கள் எங்க?"

"உள்ள போகேல்லை. வெளியில நிண்டனான். ஆனா பட்டியல் நான் போட்டதுதான். ஒரு வாக்கும் பிசகேல்லை."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. நடைமேடை வாங்கில் அமர்ந்தாள். மேற்கே வானம் ஊதாவாகிக்கொண்டிருந்தது.

"லக்சி, அந்த முகாமில உன்ர அறையில ஜன்னல் இருந்ததே?"

"இருந்தது. திறக்கேலாது."

"பிறகு?"

திரும்பிப் போகும் ரயில் வந்தது. அதைப் போகவிட்டு, முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.