கலவை மெஷின் ஓடும் சத்தம்

அப்பாவின் இடது கன்னத்தை வழித்து முடித்து, வலது கன்னத்துக்கு அவள் நுரை தடவிக்கொண்டிருந்தபோது ஆற்றுப்பக்கம் கலவை மெஷின் நின்றது.

காலையிலிருந்து அது ஓயாமல் கடகடத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்தே இருந்ததால் அறைக்குள் அதுவும் ஓர் ஆளைப் போல உட்கார்ந்திருந்தது. வெள்ளம் பாலத்தின் நடுப்பகுதியை அடித்துக்கொண்டு போனபிறகு, தூணைச் சரிசெய்து, பலகை அடித்து, கம்பி கட்டி, இன்றுதான் தளம் போடுகிறார்கள். தளம் போடுகிறவர்களுக்குத் தம்பிதான் மேஸ்திரி. இன்னொரு மேஸ்திரி காய்ச்சலில் படுத்துவிட்டதால் எல்லாம் இவன் தலையில். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாதுக்கா. நிறுத்தின இடத்துல பழசும் புதுசும் ஒட்டாது. அப்புறம் மொத்தத்தையும் உடைச்சுட்டு முதல்லேருந்து போடணும்."

அப்பாவை இந்த நிலையில் விட்டுப் போகட்டுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டதுபோல நின்றான். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மெஷின் நின்றதும் அப்பா கண்ணைத் திறந்தார். அந்தச் சத்தம் நின்றதும் தம்பி வந்துவிடுவான் என்று மூச்சுக்கு மூச்சு அவர் காதில் போட்டுவைத்திருந்தது அவள்தான்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருக்கும்ப்பா."

"சட்டைப் பட்டனைப் போடு."

அவள் சவரக்கத்தியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பட்டனைப் போட்டாள். பஸ் ஓட்டிய காலத்துக் காக்கிச் சட்டை. முன்பு தொப்பையில் இறுகி நிற்கும், இப்போது கழுத்துப் பட்டனைப் போட்டாலும் உள்ளே ஒரு கை போகும். ஒரு கன்னத்தில் நுரையோடு அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போன மகன் வருவதற்கு இவ்வளவு ஆயத்தமா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

மெஷின் ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. பிறகு பழையபடி ஓட ஆரம்பித்தது.

அப்பாவின் கண் வாசலிலிருந்து இறங்கியது. ஆனால் காது அங்கேயே இருந்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டால் அந்த மனிதருக்கு வேறெதுவும் ஓடாது.

"டீசல் ஊத்தியிருக்கான்," என்றார். "காத்து பிடிச்சிருக்கு. அதான் இருமுது. எவனோ புதுசு."

அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். "படுக்கையிலயும் வண்டி ஓட்டாம இருக்க முடியலையாண்ணே," என்றாள். அப்பாவின் உதடு கொஞ்சம் கோணியது, சிரிப்புத்தான்.

சிரித்த கையோடு பக்கத்து வீட்டுக்காரி அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனாள். அப்பாவின் கால் இரண்டும் ஜில்லிட்டுப் போயிருப்பதாகச் சொன்னாள். சொன்னவளின் மகள் அக்கரையில் இருக்கிறாள், நிறைமாதம். ஆற்றின் அந்த இழுப்பில் அவளைப் படகில் ஏற்ற யாருக்கும் தைரியம் இல்லை. தாயும் மகளும் இரண்டு கரையிலும் நின்று கையாட்டிவிட்டுத் திரும்புவதுதான் வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் வாழ்க்கை.

"தம்பியைக் கூப்பிட்டுரும்மா. பாலம் எங்க போயிரப் போகுது?" என்றாள். சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கூப்பிட்டதும் தம்பி போனை எடுத்தான். மெஷின் சத்தம் இப்போது ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும் கேட்டது.

"இன்னும் கால்வாசிதான் பாக்கி. அப்பா எப்படி இருக்காரு? நிறுத்திட்டு வரவாக்கா? நீ சொல்லு, நிறுத்திடறேன்."

அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா பாதி நுரையோடு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. சற்றுமுன் கேலி பேசிய மனிதர். கால்தானே ஜில்லிட்டிருக்கிறது என்று நினைத்தாள்.

"நல்லாத்தான் பேசறாரு. முடிச்சுட்டே வா."

திரும்பிவந்து வலது கன்னத்தை வழித்தாள். தம்பி என்ன சொன்னான் என்று அப்பா கேட்டார். இன்னும் கொஞ்சம்தானாம் என்றாள்.

"கொஞ்சம்னா?"

"நீங்க பஸ்ல சொல்வீங்களே, இதோ அடுத்த ஸ்டாப்புதான்னு. அந்தக் கொஞ்சம்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள். வழித்த முகம் மழமழவென்று, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் போல இருந்தது. மூச்சு நீளமாகப் போனது. அடுத்தது வர நேரமானது. அவள் போனை எடுத்து அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள், எடுக்க ஆளில்லை. கடைசிக் கலவைக்கு எல்லோரும் இறங்கியிருப்பார்கள். போன் கழற்றி மாட்டிய சட்டைப்பையில் கிடக்கும். நிறுத்தச் சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கியவள் அவள்தான்.

"அப்பா, வந்துட்டான்ப்பா," என்றாள் பொய்யாக.

அவர் நம்பவில்லை. மெஷின்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே, கண் வாசலில் இருக்க, அவருக்கு அடுத்த மூச்சு வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இவள் அழக்கூட இல்லை. நிற்கட்டும், இப்போதாவது நின்று தொலையட்டும் என்று ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைச் சாத்தலாம் என்று தோன்றவே இல்லை. வெகுநேரம் கழித்து அது நின்றது. இந்தமுறை இருமல் இல்லை.

தெருவில் வெறுங்காலோடு ஓடிவரும் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி ஒதுங்கி வழிவிட்டாள்.

"அப்பா, போட்டாச்சுப்பா. ஒரே தளம், நடுவுல ஒட்டே இல்ல," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான்.

முட்டிவரை சிமெண்ட், கையெல்லாம் சிமெண்ட். கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறான். கட்டிலருகே வந்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அப்பாவின் கன்னத்தைப் பிடித்தான். பிடித்தபடியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். கையை எடுத்தபோது மழமழத்த கன்னத்தில் சாம்பல் நிறத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

"என்னைக் கேட்டாராக்கா?"

கழுத்துவரை போட்டிருந்த பட்டன்களை அவள் பார்த்தாள்.

"மெஷின் சத்தத்தையே கேட்டுட்டிருந்தாரு," என்றாள். "நீ அங்க இருக்கறது தெரிஞ்சுட்டே இருந்துச்சு அவருக்கு."

அவன் தேம்பினான். சிமெண்ட் விரலிடுக்கில் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. காய்ந்துவிட்டால் தோலோடுதான் வரும். அவள் கிண்ணத்துத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். அப்பாவின் கன்னத்தை அப்படியே விட்டுவிட்டு, தம்பியின் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள்.