தரையில் ஒரு கால்

மனித நாகரிகம் ஒரே ஒரு காலில் நிற்கிறது. அந்தக் கால் தரையில் இருக்கிறவரைக்கும்தான் சட்டம், ஒழுங்கு, குடும்பம், நாடு எல்லாம். அது தரையை விட்டு எழும்பிய நிமிடம் நாமெல்லாம் மறுபடி குகைக்குள் போய்விடுவோம்.

இதைச் சொன்னவர் கிளைவ் பெங்கெல்லி, வில்காரா வட்டார எட்டுப்பந்து சங்கத்தின் தலைவர். சொன்னபோது ரப்பர் செருப்பும் முட்டி தெரிகிற கால்சட்டையும் போட்டிருந்தார். மீசையில் பியர் நுரை. ஆனாலும் கைதட்டினோம். தட்டாவிட்டால் முதலிலிருந்து திரும்பச் சொல்லுவார்.

சங்கம் என்றதும் கட்டடம், கொடி என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். க்வெண்டா டூஹியின் பப்பில் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளுகிற ஆட்டத்துக்கான, பச்சைத் துணி விரித்த மேசை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் சுற்றி நிற்கிறவர்கள்தான் சங்கம். மேசைக்கு ஒரு பக்கம், காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ் பெட்டி ஒட்டிக்கொண்டு நிற்பதால் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. கழிப்பறைக் கதவு திறந்தால் மூலைக் குழியில் இடிக்கும். இந்த மேசையைத்தான் கிளைவ் ஏதோ கோயில் பீடம் மாதிரி நடத்தினார்.

மேசைமேல் உட்காரக் கூடாது. பின்பக்கத்தைச் சாய்க்கக் கூடாது. கிளாஸ் வைக்கக் கூடாது. வயிறு படக் கூடாது. எட்டாத பந்தை அடிக்கும்போது ஒரு காலாவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மீறினால் அந்த ஆட்டம் போச்சு. அதோடு, எல்லோரும் பார்க்க மேசையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கல்யாணம் முடிந்து கவுனோடு வந்த ஒரு பெண், போட்டோவுக்காக ஓரமாய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கிளைவ் அவளை இறக்கியதோடு விடவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் துணியைத் தடவிக்கொண்டே "இனி இப்படி நடக்காது" என்று சொல்ல வைத்தார். அவர்கள் அன்றைக்குச் செய்த இரண்டாவது சத்தியம் அது.

எனக்கும் ஒரு பதவி கொடுத்திருந்தார்: கால் கண்காணிப்பாளர். யாராவது எட்டி அடிக்கப் போனால் நான் குந்தி உட்கார்ந்து, கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வில்காராவில் என் அளவுக்கு அடுத்தவர் குதிகாலைப் பார்த்தவர்கள் கிடையாது.

இதில் கிளைவ் உண்டாக்காத விதி ஒன்றே ஒன்று. அது இந்த நாட்டுப் பப்புகளில் எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு பந்தைக்கூடக் குழியில் போடாமல் தோற்றவர், கால்சட்டையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மற்ற ஊர்களில் இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். கிளைவ் விடமாட்டார். போன குளிர்காலத்தில் புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ் சார்ஜென்ட் குவார்ட்டர்மெய்ன் அப்படித் தோற்றபோது, முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்.

"முட்டி வேற, மரபு வேற," என்றார் கிளைவ். "சட்டத்துக்கு மேல யாரும் இல்லங்கறத நீங்களே சொல்லித்தரணும் சார்ஜென்ட்."

சார்ஜென்ட் சுற்றினார், நொண்டிக்கொண்டே.

குளிர்காலக் கோப்பையின் இறுதி ஆட்டம் கிளைவுக்கும் ரேலீன் ஸ்டாவ்ருவுக்கும் நடந்தது. ரேலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குள்ளம். எட்டாத பந்துக்கு, கோலைத் தாங்கிக்கொடுக்கிற கொண்டை வைத்த நீளக் கம்பை எடுப்பாள். அந்தக் கம்பைக் கிளைவ் கண்ணாலும் பார்க்கமாட்டார். "கிழவிக் கம்பு" என்பார். "அது ஆடறவங்களுக்கு இல்ல, ஒட்டடை அடிக்கறவங்களுக்கு" என்பார்.

ரேலீன் அன்றைக்கு நின்ற இடத்தில் நின்றபடி சிவப்புப் பந்தெல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டாள். தன் நிறப் பந்து ஏழையும் போட்டபின் கறுப்பைப் போடுகிறவருக்கு வெற்றி; அவளுக்குக் கறுப்பு ஒன்றுதான் பாக்கி. அது ஜூக்பாக்ஸுக்கு எதிர்ப்பக்க நடுக்குழியின் உதட்டில், மூச்சு விட்டால் விழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. கிளைவின் மஞ்சள் பந்துகள் ஏழும் மேசைமேலேயே இருந்தன, அதில் ஒன்று கறுப்பின் பக்கத்தில். அவர் இந்த முறை ஒரு மஞ்சளையாவது போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த அடியில் ரேலீன் கறுப்பைப் போடுவாள். கிளைவ் கால்சட்டையைப் போடாமல் சுற்றுவார்.

அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சமையலறையில் இருந்தவர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். சார்ஜென்ட் ஒரு நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளைப் பந்து போய் ஜூக்பாக்ஸ் பக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கமிருந்து எட்டித்தான் அடிக்க முடியும்.

"தலைவரே, கம்பு வேணுமா?" என்றாள் ரேலீன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். எனக்கும்தான் கை எட்டாது, நான் எடுக்கறேன்ல. கூச்சப்படாதீங்க. எட்டலன்னா எட்டல."

"பெங்கெல்லி குடும்பத்துல யாரும் அந்தக் கம்பைத் தொட்டதில்ல."

"உங்க குடும்பத்துல உங்களத் தவிர யாரும் ஆடினதே இல்லையே," என்றாள் க்வெண்டா, கல்லாப் பக்கமிருந்து.

கிளைவ் கோல் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். இடது காலைத் தூக்கி மேசை விளிம்பில் வைத்தார். பிறகு, துறைமுகத்தில் கப்பலை இறக்குகிற மாதிரி, தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இறக்கினார். நான் குந்தினேன்.

"கால்?" என்று கேட்டார் சார்ஜென்ட்.

"வலது. பெருவிரல் மட்டும்."

"போதும்," என்றார் கிளைவ் மேலேயிருந்து. "விரலும் காலே."

இன்னும் கொஞ்சம் எட்டினார். அப்போது அவர் இடுப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பியர் பாட்டில் மூடியைத் திறக்கிற சத்தம். கிளைவ் அப்படியே நின்றார். நின்றார் என்பது தப்பு, கிடந்தார். கை நீண்டபடி, கோல் பந்தைப் பார்த்தபடி, முகம் துணியைப் பார்த்தபடி.

அடி விழவில்லை.

"தலைவரே?" என்றேன்.

"யோசிக்கிறேன்."

"நல்லா யோசிங்க," என்றாள் ரேலீன். "பஸ் நாளைக்குக் காலையிலதான்."

"இடுப்பு புடிச்சுக்கிச்சா?" என்றாள் க்வெண்டா.

"கோணத்தை அளக்கிறேன்னு சொல்றேன்ல!"

நாங்கள் காத்திருந்தோம். சூடாக உருளைக்கிழங்கு வறுவல் வந்தது, சாப்பிட்டோம். ஜூக்பாக்ஸில் யாரோ ஒரு சோகப் பாட்டைப் போட்டார்கள். கிளைவின் காதருகே அது அலறியது. அவர் யோசித்துக்கொண்டேயிருந்தார். இதற்குள் வயிற்றின் கனத்தில் அவர் உடம்பு மெதுவாய் முன்பக்கம் சாய, வலது கால் எழும்பத் தொடங்கியது. செருப்பு மட்டும் தரையில் நின்றது.

பதவி என்று வந்துவிட்டால் நட்பு பார்க்க முடியாது. "கால் மேல போயிடுச்சு," என்றேன். "செருப்பு கீழ இருக்கு."

"செருப்பு காலைச் சேர்ந்ததுதான்!" என்றது மேசைமேலிருந்து ஒரு குரல்.

"போன மாசம் என் ஷூ கழண்டப்ப என்ன சொன்னீங்க?" என்றாள் ரேலீன். "'பாதம்னா சதை'ன்னு சொல்லி என்னை மேசைகிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சீங்களா இல்லையா?"

"அது ஷூ. இது செருப்பு. ரெண்டும் வேற வேற சட்டம்."

"அடிக்கிற வரைக்கும் தப்பில்லைங்க," என்றார் சார்ஜென்ட், ரொம்பக் கருணையோடு. "அவர் இன்னும் அடிக்கல. படுத்து ஓய்வெடுக்கறாரு, அவ்வளவுதான்."

"யாரும் படுக்கல! வயிறு துணியில படல! காத்து போற அளவுக்கு இடம் இருக்கு!"

காற்றில் ஆடிக்கொண்டிருந்த அந்த வெறுங்காலை எங்களுக்கு முன்பே இன்னொருவர் கவனித்திருந்தார். க்வெண்டாவின் நாய் ஸ்டப்பி. அது வந்தது, மோந்து பார்த்தது. நக்கத் தொடங்கியது, உள்ளங்காலிலிருந்து குதிகால் வரைக்கும், ஒரு ஐஸ்கிரீமை முடிக்கிற பொறுப்போடு.

கிளைவ் முதலில் கண்ணியம் காத்தார். பிறகு "ஹி" என்றார். பிறகு தோள் குலுங்கியது. "நா... நாயப் புடிங்கடா!" யாரும் பிடிக்கவில்லை. சிரிப்பில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தோம். கிளைவின் வயிறு துள்ளியது, ஒரு முறை, இன்னொரு முறை. அதற்கடுத்து அந்தச் சத்தம்.

டொக். குடுகுடுகுடு.

ஒரு பந்து குழிக்குள் விழுந்து, மேசையின் வயிற்றுக்குள் உருண்டு போகிற சத்தம். நாய்கூட நக்குவதை நிறுத்தியது.

கோல் அசையவில்லை. வெள்ளை அசையவில்லை. விழுந்தது கிளைவுக்கு அடியில் இருந்த பந்து. அங்கே இருந்தவை இரண்டு: நடுக்குழி உதட்டில் கறுப்பு, அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள். எது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் அவற்றின்மேல் ஒரு கம்பளி போலக் கிடந்தார்.

"மஞ்சள்," என்றார் கிளைவ் உடனே. "ஒண்ணு போட்டாச்சு. இனி சுத்தத் தேவையில்ல."

"யாரு போட்டது?" என்றாள் ரேலீன்.

"நான்தான்."

"எதால?"



ரேலீன் மேசையைச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "இங்க பாருங்க தலைவரே. எனக்கு உங்க கால்சட்டையப் பாக்கணும்னு ஆசை இல்ல. வயித்தால தள்ளினாலும் தள்ளினதுதான், ஒத்துக்கறேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மேசைமேல படுத்தேன்னு. வயிறு பட்டுச்சுன்னு. சொன்னா சுத்து கிடையாது."

"அப்படிச் சொன்னா..."

"ஆட்டம் எனக்கு. மானம் உங்களுக்கு."

கிளைவ் கண்ணை மூடினார். ஒரு பக்கம் அவர் வாழ்நாள் முழுக்க எழுப்பிய கோட்டை. இன்னொரு பக்கம் கால்சட்டை. எங்களுக்குத் தெரிந்து அவர் உண்மையாகவே யோசித்தது அப்போதுதான்.

"படுத்தேன்," என்றார்.

"கேக்கல!" என்று பின்வரிசை கத்தியது.

"மேசைமேல படுத்தேன்! வயிறு பட்டுச்சு! முழுசா பட்டுச்சு!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். "மேசைகிட்ட மன்னிப்பு!" என்றாள் க்வெண்டா. கிளைவுக்கு வேறு வழியில்லை. உதடு ஏற்கெனவே துணியில்தான் இருந்தது. முணுமுணுத்தார். சங்கத்தின் வரலாற்றில் அவ்வளவு நெருக்கமாய் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை.

பிறகு நாங்கள் நான்கு பேர் அவரை ஆளுக்கொரு மூலையாய்ப் பிடித்துத் தூக்கினோம். அவர் மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. பலகை மாதிரி அப்படியே மேலே வந்தார், கோலோடு. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

மஞ்சள் குழிக்குள் போகவில்லை. சட்டை மடிப்பில் மாட்டி, அவரோடு கொஞ்ச தூரம் மேலே வந்து, 'டப்' என்று துணியில் விழுந்தது. கறுப்பைத்தான் காணோம். கறுப்பை முன்னதாகப் போட்டால் ஆட்டம் தோல்வி என்பது குழந்தைக்கும் தெரியும். மஞ்சள்? ஏழுக்கு ஏழும் மேசையில்.

"ஒத்துக்கிட்டேனே!" என்றார் கிளைவ் அந்தரத்திலிருந்து.

"மஞ்சளுக்குத்தானே ஒத்துக்கிட்டீங்க," என்றாள் ரேலீன், உண்மையிலேயே வருத்தமாக. "மஞ்சள் இங்க இருக்கே. போகட்டும், விட்டுடலாம்ப்பா. இடுப்பு புடிச்சிருக்கு, பாவம்."

நாங்கள் சார்ஜென்டைப் பார்த்தோம். அவர் கிளைவின் வலது தொடையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"இடுப்பு வேற, மரபு வேற," என்றார் சார்ஜென்ட்.

அதற்கு மேல் பேச்சில்லை. ஜூக்பாக்ஸை நகர்த்தி வழி செய்தார்கள். இத்தனை வருடத்தில் அது நகரும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. க்வெண்டா கல்யாண மேளம் மாதிரி ஒரு பாட்டைப் போட்டாள். கிளைவ் ஓட முடியாததால் நாங்களே அவருக்குப் பதிலாக ஓடுவதென்று முடிவானது. குப்புறக் கிடந்த வாக்கிலேயே அவரைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டோம். முன்னால் கோல் ஈட்டிபோல நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஸ்டப்பி குரைத்துக்கொண்டு வந்தது. ரேலீன் முன்னே நடந்து, "வழி விடுங்க, தலைவர் வர்றாரு" என்று கத்தினாள். முதல் மூலையில் சார்ஜென்ட் ஒரு கையை விடுவித்துக் கால்சட்டையை இறக்கினார்.

உள்ளாடையின் பின்பக்கம் தங்க நூலில் 'தலைவர்' என்று தைத்திருந்தது.