அரைஞாண் கயிற்றில் கோழிக் கணக்கு

மருதாசலத்தின் அரைஞாண் கயிற்றில் பெட்டிச் சாவியோடு ஒரு பென்டிரைவும் தொங்குவது புதுச்சத்திரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. கோழிப்பண்ணைக்காரர். பாதிக் கொட்டகைகள் இங்கே, பாதி சேந்தமங்கலத்தில். இரண்டு ஆபீசிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். எந்தக் கொட்டகைக்கு என்ன மருந்து போட்டாயிற்று என்கிற பதிவு, சாயங்காலமானால் அவர் இடுப்பேறி புல்லட்டில் ஊர் மாறும்.

அந்த டேட்டாபேஸைச் செய்து கொடுத்தவள் ஜெனிட்டா, சேலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். ஒருத்தர் உட்கார்ந்து எழுதுகிறவரைக்கும் அது அம்சமாக ஓடும். போன வருஷம் முதலாளி மகன் தமிழரசு, "சர்வர் வெச்சுப் பெரிய டேட்டாபேஸா போட்டா ரெண்டு ஆபீசும் ஒரே நேரத்துல எழுதலாம்ப்பா" என்றான். "நம்ம அளவுக்கு அது எதுக்குங்கய்யா?" என்று தடுத்தவள் இவள்தான். பெரியது வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வருவான், தன் நாற்காலி போகும். வாய்விட்டுச் சொல்லவில்லை; சொன்னால்தான் நமக்குத் தெரியுமா?

மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. ஒரு வாரம் புல்லட் நகரவில்லை. இரண்டு ஆபீசும் தனித்தனியே எழுதின. நோம்பி முடிந்து சேந்தமங்கலம் போன முதலாளி, அங்கிருந்ததைக் கொண்டுவந்து இங்கிருந்ததன் மேலேயே போட்டுவிட்டார். புதுச்சத்திரத்தின் ஒரு வாரம் அழிந்தது.

"பழசுக்குப் பதிலா இதை வெக்கட்டுமான்னு கம்ப்யூட்டரு மரியாதையாக் கேட்டுதம்மிணி. சரின்னுட்டேன்."

பக்கத்துப் பண்ணைகளில் வெள்ளைக்கழிச்சல், கோழிகளைக் கூண்டோடு சாய்க்கிற நோய். மிச்சமிருக்கிற மருந்தைப் பார்த்தால் நோம்பி வாரத்தில் ஒரு கொட்டகைக்கு விட்டுப்போயிருக்கிறது; இருப்பதும் அந்த ஒன்றுக்குத்தான் போதும். அது எந்தக் கொட்டகை? ஜெனிட்டா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, கொட்டகை பார்க்கும் குப்பாயிக்குப் போன் போட்டாள்.

"மருந்து கலக்குனீங்களாக்கா?"

"கலக்குனமாட்டத்தான் இருக்குது. நோம்பிச் சந்தடியில ஆரு கண்டா? உங்க கம்ப்யூட்டருதான அதைச் சொல்லோணும்?"

கேட்ட இடமெல்லாம் இதே பாட்டு. போனை வைத்தவள் நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, அந்தப் பெரிய டேட்டாபேஸையே வாங்கிருங்க. அதுக்கு வேற ஆள் வந்தா வரட்டும். நான் போயிடறேன்."

பக்கத்திலிருந்த தமிழரசு வாயைப் பிளந்தான். மருதாசலம் நிதானமாகக் கேட்டார்: "அதுல நம்ம கணக்கு எங்க இருக்கும்?"

"சர்வருக்குள்ளப்பா."

"இடுப்புல கட்டிக்க முடியுமா?"

"எப்படிங்கப்பா முடியும்?"

"அப்பறம் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? வேண்டாஞ்சாமி. அம்மிணி செஞ்சதே போதும். இன்னொரு பென்டிரைவு வாங்கிக் கட்டிக்கறேன்."

நாற்காலி பிழைத்தது. அதில்தான் உட்கார்ந்திருந்தாள், குப்பாயியின் போன் வந்தபோது.

"அம்மிணி, கடைசிக் கொட்டாயில கோழியெல்லாம் கழுத்தை முறுக்கிட்டு உளுகுதுங்க..."

மருந்து விட்டுப்போன கொட்டகை எதுவென்று தெரிந்துவிட்டது. ஜெனிட்டா அதற்கு நேரே எழுதத் திரும்பினாள். மருதாசலம் அதற்குள் சேந்தமங்கலத்துப் பென்டிரைவைச் செருகி, மரியாதையாக வந்த கேள்விக்குச் சரி சொல்லிக்கொண்டிருந்தார்.